பழைய பிரிண்டரைத் தூக்கி எறியாதீர்கள்!



அலுவலகம் ஒன்றில் புதிய அச்சுப்பொறி வாங்குகிறார்கள். பழையது நன்றாக ஓடிக்கொண்டிருக்கும்போதே ஓரமாக ஒதுக்கப்படுகிறது. அங்கே துப்புரவு வேலை செய்யும் நம் அக்காவோ, காவல் வேலை பார்க்கும் நம் அண்ணனோ கேட்டு வாங்கி வீட்டுக்குக் கொண்டு வருகிறார்கள். "பிள்ளைகளின் படிப்புக்கு ஆகும்" என்ற ஒரே ஆசைதான். ஆனால், வீட்டில் கணினி இல்லை. இருப்பவை இரண்டு கைப்பேசிகளும் ஒரு வைஃபை பெட்டியும் மட்டுமே. பிரிண்டரில் வைஃபை கிடையாது. பட்டணத்துக் கடையில் விசாரித்தால், "அண்ணே, இது பழைய மாடல். வயர் போட்டால்தான் ஓடும். பேசாமல் புதுசு ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள்" என்று பதில் வருகிறது. அன்றிலிருந்து அந்த இயந்திரம் அலமாரி மேல் தூசி படிந்து கிடக்கிறது.

வெண்ணெயைக் கையில் வைத்துக்கொண்டு நெய்க்கு அலைவது என்பது இதுதான்! வைஃபை இல்லாத பிரிண்டரையும் வீட்டின் வைஃபையோடு சேர்க்க முடியும். பல சமயங்களில் அதற்கு ஒரு சிறிய கம்பியைத் தவிர வேறெதுவும் தேவைப்படாது. அதை எப்படிச் செய்வது என்பதைத்தான் இந்தக் கட்டுரையில் படிப்படியாகச் சொல்லப்போகிறேன்.

காகிதம் இன்னும் தேவையா?

"எல்லாம் கைப்பேசியில் வந்துவிட்டதே, காகிதம் எதற்கு?" என்று சிலர் கேட்கலாம். 2020-ஆம் ஆண்டு மார்ச் 18-ஆம் தேதி நாட்டில் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை தொடங்கியபோது பள்ளிகள் மூடப்பட்டன. பாடங்கள் கைப்பேசி வழியே வீடு தேடி வந்தன. பள்ளிகள் மீண்டும் திறந்த பிறகும் அந்தப் பழக்கம் முற்றிலும் மறைந்துவிடவில்லை. பயிற்சித் தாள்களை வாட்ஸாப்பில் அனுப்புவது இன்று சாதாரணமாகிவிட்டது.

நாற்பது கேள்விகள் கொண்ட ஒரு தாளைக் கையகலத் திரையில் வைத்துப் படிக்கும் பிள்ளையின் நிலையை எண்ணிப் பாருங்கள். படத்தைப் பெரிதாக்கினால் கேள்வி மறைகிறது. கேள்வியைப் பார்த்தால் படம் மறைகிறது. தந்தை வேலைக்குக் கிளம்பும்போது கைப்பேசியும் அவரோடு போய்விடுகிறது. கேள்விகளை நோட்டில் பார்த்து எழுதவே ஒரு மணி நேரம் ஓடிவிடும். விடை எழுத நேரம் ஏது? வகுப்பில் ஒரு பிள்ளை அச்சிட்ட தாளோடு வருகிறது. இன்னொரு பிள்ளை வெறுங்கையோடு தலை குனிந்து நிற்கிறது. அந்தப் பிள்ளைக்கு அறிவு குறைவு என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. அதற்குக் கிடைக்காமல் போனது ஒரு தாள் காகிதம் மட்டுமே. ஆசிரியர்களாகிய நாங்கள் இதை அன்றாடம் காண்கிறோம். அதனால்தான் இந்தச் சிறிய விஷயத்தை இவ்வளவு விரிவாக எழுதத் துணிந்தேன்.

பெரட்டில் நிற்பது போல

முதலில் அடிப்படையைப் புரிந்துகொள்வோம். நம் வீடுகளில் "வைஃபை பெட்டி" என்று சொல்லும் கருவியின் பெயர் ரவுட்டர். அதன் வேலையை அறிய அந்தக் காலத்துத் தோட்டத்துப் பெரட்டுக் களத்தை நினைத்துக்கொள்ளுங்கள். ஒருவர் நடந்து வந்திருப்பார். ஒருவர் சைக்கிளில் வந்திருப்பார். பெரட்டில் நின்றுவிட்டால் இருவரும் ஒரே வரிசைதான். எப்படி வந்தாய் என்று யாரும் கேட்பதில்லை. பேர் கூப்பிட்டால் பதில் சொன்னால் போதும்.

ரவுட்டரும் அப்படித்தான். கைப்பேசி காற்று வழியாக வந்து சேர்கிறது. பிரிண்டர் கம்பி வழியாக வந்து சேரலாம். இரண்டுக்கும் ரவுட்டர் ஓர் எண்ணைக் கொடுத்து ஒரே வரிசையில் நிறுத்திவிடுகிறது. அந்த எண்ணுக்கு ஐபி முகவரி என்று பெயர். வீடுகளில் பெரும்பாலும் அது 192.168 என்று தொடங்கும். அதன் பிறகு கைப்பேசி ரவுட்டரிடம் தாளைக் கொடுக்கும்; ரவுட்டர் அதைப் பிரிண்டரிடம் சேர்க்கும். ஆகவே, பிரிண்டருக்கு வைஃபை இருந்தே ஆக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. அது ரவுட்டரிடம் வந்து சேர்ந்தால் போதும்.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். தாள் ஏற்கெனவே உங்கள் கைப்பேசியில் இருந்தால், அதை வீட்டுக்குள்ளேயே அச்சிடுவதற்கு இணையம் தேவையில்லை. இணையக் கட்டணம் கட்டாத மாதத்திலும் ரவுட்டருக்கு மின்சாரம் இருந்தால் பிரிண்டர் வேலை செய்யும். "இணையம் இல்லை" என்று கைப்பேசி எச்சரித்தால், அதே வைஃபையில் நீடிக்கும்படி சொல்லுங்கள், அவ்வளவுதான்.

முதலில் பின்பக்கத்தைப் பாருங்கள்

எதையும் வாங்குவதற்கு முன் பிரிண்டரைத் திருப்பி, பின்பக்கத்தில் என்ன துளை இருக்கிறது என்று பாருங்கள்.

ஏறக்குறைய சதுரமாக, மேல் முனைகள் இரண்டும் சற்று மழுங்கிய சிறு துளை இருந்தால் அது யுஎஸ்பி. பழைய தொலைபேசிக் கம்பி நுழையும் துளையைப் போல, ஆனால் அதைவிட அகலமாக, உள்ளே எட்டு உலோகக் கோடுகளோடு இருந்தால் அது லேன் துளை. கடைக்காரர்கள் இதை ஈதர்நெட் என்றும் சொல்வார்கள். சில இயந்திரங்களில் இரண்டுமே இருக்கும். அலுவலகங்களிலிருந்து வரும் கறுப்பு வெள்ளை லேசர் பிரிண்டர்கள் பலவற்றில் லேன் துளை உண்டு. பலர் அதைக் கவனிப்பதே இல்லை.

மாடல் பெயரின் கடைசி எழுத்துகளும் துப்புக் கொடுக்கும். பல நிறுவனங்கள் லேன் வசதிக்கு 'என்' என்ற ஆங்கில எழுத்தையும், வைஃபைக்கு 'டபிள்யூ' என்ற எழுத்தையும், இரு பக்கமும் தானே அச்சிடும் வசதிக்கு 'டி' என்ற எழுத்தையும் சேர்க்கின்றன. 'டபிள்யூ' இருந்தால் உங்கள் இயந்திரத்தில் வைஃபை ஏற்கெனவே இருக்கக்கூடும். முதலில் அதைச் சரிபாருங்கள்.

லேன் துளை இருந்தால் பாதிக் கவலை தீர்ந்தது

வீட்டு ரவுட்டரின் பின்புறத்தைப் பாருங்கள். 'லேன்' என்று எழுதிய துளைகள் இருக்கும். 'வேன்' அல்லது 'இன்டர்நெட்' என்று எழுதிய துளையைத் தொட வேண்டாம். அது வெளியிலிருந்து இணையம் வரும் வழி. ஒரு லேன் கம்பியின் ஒரு முனையை ரவுட்டரின் லேன் துளையிலும் மறு முனையைப் பிரிண்டரிலும் சொருகுங்கள். பிரிண்டரை முடுக்கி, இரண்டு நிமிடம் பொறுங்கள். பிறகு பிரிண்டரின் பட்டியலில் அதன் அமைப்பு விவரங்களை அச்சிடும் கட்டளையைத் தேடி ஒரு தாள் எடுங்கள். அதில் ஐபி முகவரி இருக்கும்.

அந்த எண் உங்கள் கைப்பேசியின் வைஃபை எண்ணைப் போலவே தொடங்கினால் வெற்றி! 0.0.0.0 என்றோ, 169.254 என்று தொடங்கும் எண்ணோ வந்தால், ரவுட்டரிடமிருந்து எண் கிடைக்கவில்லை என்று பொருள். கம்பி சரியாக நுழைந்திருக்கிறதா, துளையருகே சிறு விளக்கு எரிகிறதா என்று பாருங்கள்.

வேறு ஏதோ எண் வந்தால்? அலுவலகத்துப் பிரிண்டர்களில் இது அடிக்கடி நடக்கும். பழைய அலுவலகத்தில் கொடுத்த எண்ணை அது இன்னும் மறக்காமல் வைத்திருக்கிறது. தோட்டம் மாறி வந்த ஒருவர் பழைய தோட்டத்துப் பதிவு எண்ணையே சொல்லிக்கொண்டிருப்பதைப் போல! பிரிண்டரின் பட்டியலில் நெட்வொர்க் பகுதிக்குப் போய், பழைய அமைப்பை அழித்துவிடுங்கள்; அல்லது எண்ணைத் தானாகப் பெறும்படி மாற்றுங்கள். அந்த வசதிக்கு டிஎச்சிபி என்று பெயர். இதை அறியாமல், நல்ல இயந்திரத்தைப் 'பழுது' என்று ஒதுக்கியவர்கள் உண்டு.

இனி கைப்பேசி. அதே வைஃபையில் இணைத்துக்கொள்ளுங்கள். ஆண்ட்ராய்டு கைப்பேசியில் அமைப்புகளுக்குள் 'பிரிண்டிங்' என்ற பகுதி இருக்கும். அங்கே பிரிண்டரின் பெயர் தெரியாவிட்டால், அந்த நிறுவனத்தின் செயலியை இறக்கிக்கொண்டு ஐபி எண்ணைக் கொடுத்துப் பாருங்கள். ஐபோனில் அச்சிட ஏர்பிரிண்ட் என்ற வசதி வேண்டும். அது 2010-இல் தான் வந்தது என்பதால், அதற்கு முந்திய பிரிண்டர்கள் ஐபோனுக்கு நேரடியாகத் தெரியாமல் போகலாம். மடிக்கணினி இருந்தால், 'பிரிண்டரைச் சேர்' என்ற இடத்தில் ஐபி எண்ணைக் கொடுத்து இணைக்கலாம்.

ரவுட்டர் ஒரு பக்கம், பிரிண்டர் ஒரு பக்கம் இருந்தாலும் கவலை வேண்டாம். லேன் கம்பி 100 மீட்டர் வரை போகலாம். யுஎஸ்பி கம்பிக்கு ஏறக்குறைய 5 மீட்டர்தான் எல்லை. வீட்டுக்குள் கம்பி இழுக்க வழியில்லை என்றால், வைஃபை அலையை நீட்டித்துக் கொடுக்கும் எக்ஸ்டெண்டர் ஒன்றைப் பயன்படுத்தலாம். வாங்கும்போது அதில் லேன் துளை இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். அது காற்றில் ரவுட்டரோடு பேசிக்கொள்ளும். பிரிண்டர் அதனோடு கம்பியில் பேசிக்கொள்ளும்.

சிம் அட்டை போடும் ரவுட்டர் வைத்திருப்பவர்களும் அதன் பின்புறத்தைப் பாருங்கள். பலவற்றில் லேன் துளை உண்டு. கைப்பேசியின் ஹாட்ஸ்பாட்டை மட்டும் நம்பியிருக்கும் வீடுகளில் கம்பி சொருக இடமில்லை. யாராவது ஒதுக்கிவிட்ட பழைய ரவுட்டர் கிடைத்தால், இணையம் இல்லாமலே அதை அச்சிடுவதற்கு மட்டும் வைத்துக்கொள்ளலாம்.

யுஎஸ்பி மட்டும் இருந்தால்?

இங்கே கொஞ்சம் நிதானம் தேவை. பதறாத காரியம் சிதறாது. நான்கு வழிகள் உண்டு. செலவு இல்லாததிலிருந்து தொடங்குவோம்.

முதல் வழி, வீட்டில் மடிக்கணினி இருந்தால் அதையே நடுவராக்குவது. பிரிண்டரை யுஎஸ்பி கம்பியால் கணினியோடு இணைத்து, விண்டோஸ் அமைப்புகளில் 'பிரிண்டர்ஸ் அண்ட் ஸ்கேனர்ஸ்' பகுதிக்குப் போய், அந்தப் பிரிண்டரைத் தேர்ந்து, 'பிரிண்டர் பிராப்பர்ட்டீஸ்' என்பதைத் திறந்தால் 'ஷேரிங்' என்ற பக்கம் வரும். அதில் பகிர்வதற்கான கட்டத்தில் குறியிட்டால், வீட்டிலுள்ள மற்ற விண்டோஸ் கணினிகள் அதைப் பயன்படுத்தலாம். ஆனால், அந்தக் கணினி எப்போதும் விழித்திருக்க வேண்டும். அது தூங்கினால் பிரிண்டரும் தூங்கிவிடும். கைப்பேசிகளுக்கு இந்த வழி பெரும்பாலும் நேராக உதவாது. வாட்ஸாப்பில் வந்த தாளை அந்தக் கணினிக்கே அனுப்பி அச்சிடுவதுதான் எளிது.

இரண்டாவது வழி, ரவுட்டரின் யுஎஸ்பி துளை. சில ரவுட்டர்களில் இது இருக்கும். ஆனால், துளை இருந்தாலே பிரிண்டர் ஓடும் என்று எண்ணிவிடாதீர்கள். சிலவற்றில் அது கோப்புகளைச் சேமிக்கும் கருவிக்கு மட்டுமே. கையேட்டில் 'பிரிண்ட் சர்வர்' என்று எழுதியிருந்தால்தான் பயன்.

மூன்றாவது வழி, பிரிண்ட் சர்வர் என்ற சிறு பெட்டியை வாங்குவது. ஒரு பக்கம் பிரிண்டரின் யுஎஸ்பி கம்பி; மறு பக்கம் லேன் கம்பி அல்லது வைஃபை. வாங்குவதற்கு முன் உங்கள் பிரிண்டரின் மாடல் பெயர் அந்தப் பெட்டியின் பட்டியலில் இருக்கிறதா என்று கட்டாயம் பாருங்கள். எல்லாப் பிரிண்டரும் எல்லாப் பெட்டிக்கும் ஒத்துவராது. ஸ்கேன் செய்யும் வசதியுள்ள பிரிண்டராக இருந்தால், இந்தப் பெட்டியின் வழியே அச்சு மட்டும் வரும், ஸ்கேன் வராது என்பதற்கும் தயாராக இருங்கள்.

நான்காவது வழி, நம் வீட்டு இளைஞர்களுக்கானது. ராஸ்பெர்ரி பை என்ற உள்ளங்கை அளவுக் கணினி 2012-இல் வெளிவந்தது. அதிலோ, தூக்கிப்போட்ட பழைய மடிக்கணினியிலோ லினக்ஸ் நிறுவி, கப்ஸ் என்ற இலவச மென்பொருளைப் போட்டால், சாதாரண யுஎஸ்பி பிரிண்டரும் கைப்பேசிகளுக்கு வைஃபை பிரிண்டரைப் போலத் தெரியும். அந்தப் பிரிண்டருக்கு லினக்ஸில் ஓட்டுநர் மென்பொருள் இருக்கிறதா என்று மட்டும் முன்கூட்டியே பார்த்துக்கொள்ள வேண்டும். படிவம் நான்கு, ஐந்தில் கணினி ஆர்வமுள்ள பிள்ளை இருந்தால், ஒரு விடுமுறை நாளை இதற்குக் கொடுங்கள். விளையாட்டில் கழியும் நேரம் வித்தையாக மாறும்!

பணத்தை வீணாக்காதீர்கள்

இணையச் சந்தையில் மலிவாகக் கிடைக்கும் சிறிய வைஃபை குச்சியை வாங்கிப் பிரிண்டரின் பின்னால் சொருகினால் போதும் என்று நினைப்பவர்கள் உண்டு. அது நடக்காது. யுஎஸ்பி உறவில் கணினி கட்டளையிடும் இடத்தில் இருக்கிறது. பிரிண்டரும் குச்சியும் கட்டளை கேட்கும் இடத்தில் இருக்கின்றன. கட்டளை கேட்பவர்கள் இருவரை நேருக்கு நேர் உட்கார வைத்தால் வேலையை யார் தொடங்குவது? யுஎஸ்பியை லேனாக மாற்றும் மலிவான சிறு மாற்றிகளும் இதே காரணத்தால் உதவமாட்டா. அவை கணினிக்காகச் செய்யப்பட்டவை.

பழைய குறிப்புகள் சிலவற்றில் கூகுள் கிளவுட் பிரிண்ட் என்ற சேவையைப் பரிந்துரைத்திருப்பார்கள். அது 2020 டிசம்பர் 31-ஆம் தேதியோடு நிறுத்தப்பட்டுவிட்டது. அதைத் தேடி நேரத்தைச் செலவழிக்க வேண்டாம்.

இன்னொரு கணக்கும் பாருங்கள். உங்கள் பழைய பிரிண்டருக்கு மையோ டோனரோ இன்னும் கடையில் கிடைக்கிறதா? கிடைக்காவிட்டால், அதற்காகப் பெட்டி வாங்கி ஒரு வெள்ளி செலவழிப்பதும் வீண். கிடைக்கிறது என்றால், லேசர் இயந்திரத்தை விட்டுவிடாதீர்கள். டோனர் என்பது தூள். பல வாரம் பயன்படுத்தாவிட்டாலும் மையைப் போல உலர்ந்து அடைத்துக்கொள்ளாது. எப்போதாவது மட்டும் அச்சிடும் வீட்டுக்கு அது பொருத்தமானது.

நேற்று ஓடியது, இன்று ஓடவில்லையா?

பதற்றம் வேண்டாம். மூன்று காரணங்களைப் பாருங்கள். முதலாவது, ரவுட்டர் மறுபடி முடுக்கப்பட்டபோது பிரிண்டருக்கு வேறு எண் கொடுத்திருக்கும். ரவுட்டரின் அமைப்பில், இந்தப் பிரிண்டருக்கு எப்போதும் இந்த எண்தான் என்று ஒதுக்கி வைத்துவிட்டால் இந்தத் தொல்லை வராது. இரண்டாவது, கைப்பேசி வைஃபையை விட்டு சிம் அட்டையின் இணையத்துக்கு மாறியிருக்கும். மூன்றாவது, விருந்தினருக்கென்று தனியாக வைத்திருக்கும் 'கெஸ்ட்' வைஃபையில் கைப்பேசி நுழைந்திருக்கும். அந்த வழியில் வந்தவர்களுக்குப் பிரிண்டர் கண்ணில் படாது. விருந்தாளியைக் கூடத்தோடு நிறுத்துவது போல. வைஃபை பிரிண்ட் சர்வர் வாங்கியவர்கள் நான்காவதாக ஒன்றையும் பார்க்க வேண்டும்: பழைய பெட்டிகள் பலவற்றுக்கு 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசை மட்டுமே தெரியும். 5 கிகாஹெர்ட்ஸ் தெரியாது.

இடியும் பாதுகாப்பும்

நம் நாட்டில் இடி மின்னலுக்குக் குறைவில்லை. பக்கத்து வீட்டோடு பிரிண்டரைப் பகிர்ந்துகொள்ளும் நல்லெண்ணத்தில், லயத்துக்கு வெளியே கூரையோரமாக லேன் கம்பியை இழுத்துவிடாதீர்கள். அருகில் எங்கோ விழும் மின்னலும் அந்தக் கம்பி வழியே பாய்ந்து இரண்டு வீட்டுக் கருவிகளையும் கருக்கிவிடக்கூடும், மனிதருக்கும் ஆபத்து. பகிர வேண்டுமானால் வைஃபை வழியாகவே பகிருங்கள். வானம் இருண்டு வரும்போதே மின் இணைப்பையும், ரவுட்டருக்கு வரும் கம்பியையும் கழற்றி வைப்பது நல்ல பழக்கம். இடி தலைக்கு மேல் வந்த பிறகு எதையும் தொட வேண்டாம்.

ரவுட்டரின் கடவுச்சொல்லையும் மாற்றி வையுங்கள். வீட்டுக்கு வந்தவர் போனவருக்கெல்லாம் கொடுக்காதீர்கள். அடையாள அட்டை, சேமநிதிக் கணக்கு, மருத்துவத் தாள்கள் என்று நம் குடும்ப விவரங்கள் எல்லாம் அந்த இயந்திரத்தின் வழியே போகின்றன அல்லவா? சில அலுவலகப் பிரிண்டர்கள் அச்சிட்டவற்றை நினைவில் வைத்திருக்கும். கைமாறி வந்த இயந்திரமானால், முதல் வேலையாக அதைத் தொழிற்சாலை நிலைக்குத் திருப்பி, பழையவற்றை அழித்துவிடுங்கள். அது நமக்குக் கொடுத்தவருக்கு நாம் செய்யும் மரியாதையும் ஆகும்.

ஒரு வீட்டோடு நிற்க வேண்டாம்

ஒரு குடும்பத்துக்கு இது பாரமாக இருந்தால், நாலு குடும்பம் சேர்ந்து செய்யலாம். மாலை வகுப்பு நடக்கும் மண்டபத்திலோ கோயில் கூடத்திலோ ஒரு பிரிண்டரும் ஒரு பழைய ரவுட்டரும் வைத்தால், அந்த வட்டாரத்துப் பிள்ளைகள் அத்தனை பேருக்கும் அது பயன்படும். காகிதத்துக்கும் டோனருக்கும் ஆளுக்குச் சில காசு போட்டால் போதும். கணக்கு நோட்டை மாணவர்களிடமே கொடுங்கள். பொறுப்பும் வளரும், கணக்கும் வரும்.

இன்று மாலை வீட்டுக்குப் போனதும், அலமாரி மேலிருக்கும் அந்த இயந்திரத்தை இறக்கித் தூசியைத் துடையுங்கள். பின்பக்கத்தைத் திருப்பி, துளை சதுரமா அகலமா என்று உங்கள் பிள்ளையையே பார்க்கச் சொல்லுங்கள். அகலமான துளை இருந்தால் லேன் கம்பி ஒன்றைத் தேடுங்கள். ரவுட்டர் வந்த பெட்டிக்குள்ளேயே பெரும்பாலும் ஒன்று சுருட்டிக் கிடக்கும்.